பெயர் தெரியாத பறவையை எழுதி வைப்பது: ரிட்ஜ்வேயின் முறை, வன்னிக் குளங்களுக்கு

குளக்கட்டில் நிற்கிறீர்கள். அலைகரைச் சேற்றில் ஒரு பறவை. பெயர் தெரியாது, போன் கமராவில் அது ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. இந்த நிலையில் அதைப் பற்றி என்ன எழுதினால், அந்தப் பறவையையும் குளத்தையும் ஒருநாளும் காணாத ஒருவர் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு பெயர் சொல்ல முடியும்? இந்தக் குறிப்பு அதற்குத்தான். முறை புதியதல்ல. அமெரிக்கப் பறவையியலாளர் ரொபர்ட் ரிட்ஜ்வே தன் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையிலிருந்து எடுத்தது. துவக்கும் தோலுரிக்கும் கத்தியும் தவிர, அவர் கையாண்டதில் பெரும்பகுதியை இன்றைக்கும் கொப்பி, பென்சில், வர்ணப் பெட்டியோடு செய்யலாம்.

ரிட்ஜ்வே 1850 யூலை 2ஆம் திகதி இலினோய் மாநிலத்தில் மவுண்ட் கார்மல் என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனுக்கு மருந்துக்கடை. பையன் கடையில் கிடைத்த பொருட்களைக் கொண்டு தானே வர்ணம் குழைத்துப் பறவைகளை வரைந்தான். ஊரில் பெயர் சொல்லித்தர ஆளில்லை. 1864இல், பதினான்கு வயது நிறையுமுன், தனக்குத் தெரியாத ஒரு பறவையை வர்ணத்தோடு வரைந்து வாஷிங்டனிலுள்ள காப்புரிமை ஆணையாளருக்கு அனுப்பினான். அந்தக் கடிதம் கைமாறி ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருந்த ஸ்பென்சர் பெயர்டிடம் போய்ச் சேர்ந்தது. பெயர்ட் படத்தைப் பார்த்து, இது ஊதாப் பின்ச் என்று மறுமொழி எழுதினார். பையன் அதற்கு ரோசா நிறத்தை வைத்துத் தானாக ஒரு பெயர் இட்டிருந்தான். உண்மையில் அந்தக் குருவி ஊதா அல்ல, திராட்சைரசச் சிவப்பு. பெயர்டுக்கு உதவியது பையன் இட்ட பெயரல்ல, படத்தில் நிறம் சரியான இடத்தில் சரியாக இருந்தது.

1867இல் பெயர்ட் அவரைக் கிளாரன்ஸ் கிங் நடத்திய நாற்பதாம் அகலக்கோட்டு நில அளவைக் குழுவோடு நெவாடா, யூட்டா பக்கம் அனுப்பினார். பிறகு ரிட்ஜ்வே வாஷிங்டன் தேசிய அருங்காட்சியகத்தில் பறவைப் பகுதியின் பொறுப்பாளரானார். 1929இல் இறக்கும் வரை அந்தப் பணி அவரோடு இருந்தது. இங்கே நமக்கு வேண்டியவை அவருடைய இரண்டு நூல்கள். 1886இல் வந்த நிறப்பெயர் நூலில் 186 நிறங்கள். 1912இல் வந்த பெரிய நூலில் 53 தட்டுகளில் (நிறங்கள் ஒட்டிய பக்கங்களில்) 1115 நிறங்கள். ஒருவர் ‘மண்ணிறம்’ என்று எழுதுவதும் இன்னொருவர் ‘மண்ணிறம்’ என்று வாசிப்பதும் ஒன்றாக இருக்கவேண்டுமென்றால் இருவர் கையிலும் ஒரே மாதிரி நிறத்துண்டு இருக்கவேண்டும் என்பதே அந்த நூல்களின் அடிப்படை. வன்னியில் இது இன்னும் பொருந்தும். கிளிநொச்சிச் செம்மண்ணும் முல்லைத்தீவுக் கடற்கரை மணலும் ஒரே சொல்லுக்குள் அடங்காது.

நிறத்துண்டு அட்டை

24 நிறம் போதும். அதற்கு மேலே போனால் வெளியில் நின்று தேடுவதற்குள் பறவை போய்விடும். பங்கீடு முக்கியம்: வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 6, மண்ணிற வகைகள் 8, மஞ்சளும் செம்மஞ்சளும் 4, சிவப்பும் இளஞ்சிவப்பும் 3, பச்சை 2, நீலம் 1. பச்சைக்கும் நீலத்துக்கும் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கலாம். கிளி, மீன்கொத்தி, பஞ்சுருட்டான் ஆகியவற்றை வடிவத்திலேயே பிடித்துவிடலாம். ஆளைக் குழப்புவது உள்ளான்கள், வானம்பாடிகள், நெட்டைக்காலிகள், பெண் தாராக்கள். அவையெல்லாம் மண்ணிறத்துக்குள்ளும் சாம்பலுக்குள்ளும் கிடக்கின்றன.

புத்தகக்கடையில் கிடைக்கும் போஸ்டர் கலர் நல்லது. வாட்டர் கலர் ஊடே தாள் தெரியும், தடிப்பு மாறினால் நிறமும் மாறும். தாள் வெள்ளைப் பிறிஸ்டல் போட், மினுக்கம் இல்லாத பக்கம். ஒரு மருந்துச் சொட்டி, தேக்கரண்டி, பழைய பிளாஸ்டிக் மூடிகள் சில.

சாம்பல் நிறங்களை இப்படிச் செய்யுங்கள். கறுப்பைச் சம அளவு தண்ணீரில் கரைத்து வையுங்கள். ஒவ்வொரு மூடியிலும் ஒரு தேக்கரண்டி வெள்ளை. முதல் மூடிக்குக் கறுப்பு 1 சொட்டு, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 9, நான்காவதுக்கு 27. 1, 2, 3, 4 என்று ஒவ்வொரு சொட்டாகக் கூட்டினால் முதல் இரண்டும் வேறுபடும், பின்னவை ஒன்றுபோலவே தெரியும். கண்ணுக்குப் படிகள் சமமாகத் தெரியவேண்டுமானால் அளவு மடங்காக ஏறவேண்டும். ரிட்ஜ்வேயின் 1912 நூலிலும் வெள்ளையும் கறுப்பும் சம இடைவெளியில் ஏறவில்லை. கம்பனிக்குக் கம்பனி கறுப்பின் வலு மாறும், ஆகவே கழிவுத் தாளில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டே தாளைத் தொடுங்கள்.

மண்ணிறத்துக்குப் பெட்டியில் உள்ள பேர்ன்ட் அம்பர், பேர்ன்ட் சியென்னா, யெலோ ஓக்கர் மூன்றும் அடிப்படை. அம்பர் தனியாக ஒன்று, அம்பரில் வெள்ளை கூட்டி மூன்று படி, ஓக்கரும் அம்பரும் பாதிக்குப் பாதி ஒன்று, ஓக்கரில் வெள்ளை கலந்து மணல் நிறம் ஒன்று, சியென்னா தனியாக ஒன்று, சியென்னாவில் கொஞ்சம் கறுப்பு விட்டு ஒன்று. இந்தக் கடைசி நிறம் செண்பகத்தின் செட்டைக்குக் கிட்ட வரும்.

ஒரு ஏ4 தாளின் கால்வாசியில் ஒரு நிறத்தை இரண்டு பூச்சுப் பூசுங்கள். முதல் பூச்சு நெடுக்காக, அது நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது குறுக்காக. நிழலில் ஓர் இரவு காயவிட்டு 2 செ.மீ. அகலம் 3 செ.மீ. உயரமாக வெட்டினால் 20 துண்டு வரும். ஒரே குழையலிலிருந்து வந்ததால் இருபதும் ஒரே நிறம். ரிட்ஜ்வேயின் நூலிலும் இதே வழிதான்: நிறம் பூசிய தாள்களைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் தட்டுகளில் ஒட்டினார்கள். அச்சு மையில் நிறம் பிரதிக்குப் பிரதி ஓடிவிடும் என்பதே காரணம். போனில் படம் எடுத்து அனுப்பும் நிற அட்டைக்கும் இதே நோய் உண்டு, திரைக்குத் திரை வேறு நிறம். பாடசாலையில் ஒரு குழுவாகச் செய்தால் இருபது பேருக்கு ஒரே அட்டை கிடைக்கும். உங்கள் குறிப்பைப் பார்த்துப் பெயர் சொல்லப்போகிறவருக்கும் ஒன்று தபாலில் போகட்டும்.

துண்டுகளை நடுச் சாம்பல் நிற அட்டையில், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு ஒட்டி இலக்கமிடுங்கள். வெள்ளை அட்டையில் ஒட்டினால் எல்லா நிறமும் உள்ளதைவிடக் கருமையாகத் தெரியும். லமினேட் செய்யவேண்டாம். மினுக்கத்தில் வானம் தெறித்து நிறத்தைக் கெடுக்கும். மழைக்குப் பயந்தால் உள்ளே வைத்து எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் உறை போதும், ஒப்பிடும்போது வெளியே எடுத்துவிடுங்கள். வீட்டில் அட்டையை மூடிய புத்தகத்துக்குள் வையுங்கள். மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் சுவரிலும் வைத்தால் இளஞ்சிவப்பும் சிவப்பும்தான் முதலில் வெளிறும். வருடத்துக்கு ஒருமுறை, பாவிக்காமல் மூடிவைத்த ஒரு பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து வெளிறியதை மாற்றுங்கள்.

வெளியில்

காலை 6.30 முதல் 9 வரை நல்ல வெளிச்சம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும், ஆகவே காலையில் எந்தக் கரையில் நிற்பது என்பதை முதல்நாளே தீர்மானியுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு. மாலை 5 மணிக்குப் பிறகு வெளிச்சம் மஞ்சளாகிவிடும், அந்த நேரத்தில் குறித்த நிறத்துக்குப் பக்கத்தில் ‘மாலை வெளிச்சம்’ என்று எழுதாவிட்டால் வெள்ளைக் கொக்கும் பால்மஞ்சளாகப் பதிவாகும். அட்டையையும் பறவை நிற்கும் அதே வகை வெளிச்சத்தில் பிடியுங்கள். பறவை வெயிலில், அட்டை மரநிழலில் என்றால் ஒப்பீடு செல்லாது.

காலம் பார்ப்பதும் முறையின் ஒரு பகுதிதான். சிறுபோகத்துக்குத் துருசு திறந்து நீர் போகப்போக ஆவணி, புரட்டாதியில் குளங்களின் அலைகரைச் சேறு வெளியே வரும். வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள் வந்திறங்கத் தொடங்குவதும் இதே மாதங்களில்தான். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு எங்கும் அந்தச் சேற்று விளிம்பில் தேடுங்கள். மாரி பெய்து குளம் நிரம்பினால் அவை காலபோக வயல்களுக்கும் நந்திக்கடல், சுண்டிக்குளம், கொக்கிளாய் கடனீரேரி ஓரங்களுக்கும் கலைந்துவிடும். பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகுமுன் சில புது இறகு போட்டு நிறம் மாறியிருக்கும். ஆவணியில் வந்தது தேய்ந்த இறகோடு வெளிறி இருக்கும். ஒரே இனத்தின் இரண்டு குறிப்பு இரண்டு பறவைபோலத் தெரிவதற்கு இது பெரிய காரணம். திகதி இல்லாத குறிப்பை ரிட்ஜ்வே காலத்து அருங்காட்சியகமும் மதிக்கவில்லை, இன்றைக்கும் மதிப்பில்லை.

எச்பி பென்சிலால் எழுதுங்கள். ஜெல் பேனை மாரியில் கரையும், குமிழ்முனைப் பேனை ஈரத்தாளில் விட்டுவிட்டு எழுதும். ஒழுங்கு இது. முதலில் திகதி, நேரம், இடம். இடத்தைக் குளத்தின் பெயரோடு நிறுத்தாமல் ‘துருசுக்குக் கிழக்கே, அலைகரை மருதமரத்தடி’ என்ற அளவுக்கு எழுதுங்கள். அடுத்து அளவு: செ.மீ. ஊகம் வேண்டாம், பக்கத்தில் நிற்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். சிட்டுக்குருவி ஏறத்தாழ 15 செ.மீ., மைனா 23 முதல் 25, ஆட்காட்டி 33 முதல் 35, காகம் 40. பக்கத்தில் ஒன்றும் இல்லையென்றால் ‘ஒப்பிட ஒன்றும் இல்லை’ என்றே எழுதுங்கள். கருஞ்சேற்றில் நிற்கும் வெள்ளைப் பறவை எப்போதும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

அதன்பிறகு அலகு, கண், கால். உடம்பு நிறத்துக்கு முன் இவை வரவேண்டும். இறகின் நிறம் பாடம் செய்த தோலிலும் நெடுநாள் நிற்கும். அலகு, கண், கால், முகத் தோல் ஆகியவற்றின் நிறமோ உயிர் போன சில மணியிலேயே மங்கத் தொடங்கும். அதனால்தான் அந்தக் காலத்துச் சேகரிப்பாளர்கள் பறவை கையில் சூடாக இருக்கும்போதே இவற்றை அடையாளச் சீட்டில் எழுதினார்கள். நாங்கள் உயிருள்ள பறவையைப் பார்க்கிறோம். அவர்களுக்கு நேரத்தோடு போட்டியிட்டுக் கிடைத்த தகவல் நமக்கு முன்னாலேயே நிற்கிறது. அலகின் நீளத்தைத் தலையோடு அளந்து எழுதுங்கள்: அலகடியிலிருந்து பிடரி வரை ஒரு தலை என்றால், அலகு அதற்குச் சமமா, ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்கா? நேரா, மேலே வளைந்ததா, கீழே வளைந்ததா? இந்த ஒரு வரியே உள்ளான் கூட்டத்தைப் பாதியாகப் பிரித்துவிடும்.

படம் வரையுங்கள். கை வராது என்று பின்வாங்கவேண்டாம். 1874இல் பெயர்டும் ப்ரூவரும் ரிட்ஜ்வேயும் சேர்ந்து வெளியிட்ட வட அமெரிக்கப் பறவை நூலில் தலை, செட்டை, வால், பாதம் இவற்றின் வெறும் கோட்டுருவங்களே இனங்களைப் பிரித்துக் காட்டும். உடம்புக்கு ஒரு பெரிய முட்டை, தலைக்கு ஒரு சிறிய முட்டை, அலகுக்கு ஒரு கோடு. பிறகு நிறம் தீட்டாமல், அம்புக்குறி போட்டு அட்டை இலக்கத்தை எழுதுங்கள். தலையை மட்டும் பக்கத்தில் பெரிதாக இன்னொருமுறை வரைந்தால் கண்பட்டையும் அலகும் தெளிவாக வரும்.

பறக்கும்போது செட்டையில் வெள்ளைக் கோடு உண்டா, பின்முதுகு வெள்ளையா, வாலில் பட்டையா என்று பார்க்க இரண்டு விநாடிதான் கிடைக்கும். மூன்றையும் பிடிக்க முயன்றால் ஒன்றும் மிஞ்சாது. முதல் பறப்பில் பின்முதுகு மட்டும். அது இறங்கி மறுபடி எழும்பும்போது செட்டை. சேற்றில் வாலை ஓயாமல் ஆட்டி, செட்டைக்கு முன்னே மார்புப் பக்கம் வெள்ளை ஏறியிருந்தால் சாதாரண உள்ளான். முதுகில் வெள்ளைப் புள்ளி நிறைய, கண்ணுக்குப் பின்னாலும் நீளும் வெள்ளைப் புருவம், மஞ்சட்பச்சைக் கால் என்றால் வயல் உள்ளான். முதுகு கருமையாய், பறக்கையில் செட்டையின் அடியும் கருமையாய், பின்முதுகு பளிச்சென்று வெள்ளையாய் இருந்தால் பச்சை உள்ளான்.

எழுதி முடியும்வரை பறவைப் புத்தகத்தைத் திறக்கவேண்டாம். இதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். புத்தகத்தைப் பார்த்துவிட்டால் கண் பார்க்காததையும் கை எழுதும். காலைப் பார்க்கவில்லையென்றால் ‘கால் பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். வெற்றிடத்தைவிட அந்த இரண்டு சொல்லுக்குப் பெறுமதி அதிகம், வாசிப்பவர் அதை வைத்து எதையும் ஊகிக்கமாட்டார்.

கொக்கில் பழகுங்கள்

உழுத வயலில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைக் கூட்டத்தை எல்லோரும் ‘கொக்கு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்குள் நான்கு இனம் இருக்கலாம். உடம்பு நான்கிலும் வெள்ளை, ஆகவே அலகும் காலும் முகத்தோலும் மட்டுமே பேசும். பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல்கள் மஞ்சள். சேற்றில் நிற்கும்போது விரல் மறைந்திருக்கும், காலைத் தூக்கும் வரை அல்லது பறக்கும் வரை பொறுங்கள். உண்ணிக்கொக்குக்கு அலகு குட்டை, மஞ்சள். தாடை இறகு அலகின் கீழே முன்னோக்கித் தள்ளி, முகம் புடைத்ததுபோல இருக்கும். இனப்பெருக்க காலத்தில் தலையும் முதுகும் செம்மஞ்சளாகும். பெருங்கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதுதான் கடினம். இரண்டுக்கும் மற்றக் காலத்தில் அலகு மஞ்சள், கால் கறுப்பு. இனப்பெருக்க காலத்தில் இரண்டுக்கும் அலகு கறுத்துவிடும். அலகு நிறத்தை மட்டும் எழுதிய குறிப்பு இங்கே கைவிடும். வாய்ப்பிளவின் கோட்டைப் பாருங்கள்: நடுத்தரக் கொக்கில் அது கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிடும், பெருங்கொக்கில் கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும். இதற்கு எட்டு மடங்கு தொலைநோக்கியும் 40 மீற்றருக்குள் நெருக்கமும் வேண்டும்.

ஒரு குறிப்பு எப்படி அமையவேண்டும் என்பதற்கு மாதிரி:

‘மார்கழி 2, காலை 7.10, வெயில் முதுகுப்பக்கம். வவுனிக்குளத்துக் கீழ் வயல், இரண்டாம் வாய்க்கால் வரம்பு. தனி ஒன்று. பக்கத்தில் நின்ற உண்ணிக்கொக்கைவிட ஒரு தலை உயரம். அலகு துண்டு 15, நுனி துண்டு 6. அலகு ஏறத்தாழ ஒரு தலை நீளம். கால் முழுக்கத் துண்டு 6, விரல் பார்க்கவில்லை. வாய்க்கோடு கண்ணின் கீழ் முடிகிறது, இரண்டுமுறை பார்த்தது. கழுத்தில் கூரான முறிவு இல்லை. கண் நிறம் தெரியவில்லை.’

15 மஞ்சள், 6 கறுப்பு என்று அட்டை வைத்திருப்பவருக்கு இது நடுத்தரக் கொக்கு என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

செத்த பறவை கிடைத்தால்

வீதியில் வாகனம் அடித்தது, மின்கம்பியில் பட்டது, சில வேளை கிடைக்கும். பிடிப்பதும் கொல்வதும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் விடயம், செத்ததையும் வீட்டுக்கு எடுத்துவரவேண்டாம். கிடந்த இடத்திலேயே பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு அளந்துவிட்டு விடுங்கள். கூட்டமாகச் செத்துக் கிடந்தால் தொடவே வேண்டாம், பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், அறிவித்துவிடுங்கள்.

அளவுகள் நான்கு, எல்லாம் மில்லிமீற்றரில். மடித்த செட்டையின் வளைவிலிருந்து மிக நீண்ட இறகின் நுனி வரை. வாலின் நடு இறகு முளைக்கும் இடத்திலிருந்து நுனி வரை. அலகு, மேற்பக்கம், இறகு தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரை. கணைக்கால், முழங்கால்போலத் தெரியும் மூட்டின் பின்புறத்திலிருந்து விரல் பிரியும் இடம் வரை. செட்டையை அளவுகோலில் தட்டையாக அழுத்தினால் சில மில்லிமீற்றர் கூடும், இயல்பான வளைவோடு விட்டால் குறையும். எப்படி அளந்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

போகும் இடங்கள்

கண்ணிவெடி அகற்றப்படாத நிலத்துண்டுகள் இன்னும் உள்ளன. சிவப்புப் பலகை, நாடா கண்டால் பறவை எங்கே போனாலும் பின்தொடரவேண்டாம், மக்கள் நடக்கும் பாதையில் நில்லுங்கள். முதலை உள்ள குளத்தில் நீர் விளிம்புக்கு இறங்கிக் குந்தவேண்டாம். யானை நடமாட்டம் உள்ள குளங்களில் மாலை 5.30க்கு முன் கட்டைவிட்டு வந்துவிடுங்கள். இராணுவ முகாம்கள் இருக்கும் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பவேண்டாம். கேட்டால் கொப்பியைத் திறந்து காட்டுங்கள், படமும் இலக்கங்களும் உள்ள பக்கம் தானே விளக்கும்.

அனுப்புவது

குறிப்புப் பக்கத்தை முழுதாகப் படம் எடுத்து அனுப்புங்கள், திருத்தி எழுதிய நல்ல பிரதியை அல்ல. அழிப்பும் அம்புக்குறியும் அடித்த சொல்லும் வாசிப்பவருக்குத் தடயம். இலங்கைக் களப் பறவையியல் குழு 1976 முதல் கொழும்புப் பல்கலைக்கழக விலங்கியல் துறையோடு இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிலும் கேட்கலாம். ஒரு கடிதத்தில் ஒரு பறவை. பத்தைச் சேர்த்து அனுப்பினால் எளிதான ஒன்பதுக்குப் பதில் வரும், கடினமானது தவறிப்போகும்.

பதில் வந்ததும் பழைய வரிகளைத் திருத்தவேண்டாம். பெயரை வேறு நிறப் பேனையால் அடியில் எழுதி, யார் சொன்னது, எந்தத் திகதி என்று சேருங்கள். பெயர் பின்னால் மாறலாம், இனங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் இன்றும் நடக்கிறது. நீங்கள் முதலில் இட்ட பெயர் பிழையாக இருந்தால் அதையும் அப்படியே விடுங்கள், எந்த அடையாளம் உங்களை வழிதவற விட்டது என்பதை அடுத்த முறை அந்தப் பக்கத்தில்தான் கண்டுபிடிக்கலாம்.